கையொப்பத்துக்கு முந்திய செலவுகள்

அன்புள்ள மகளுக்கு,

இந்தக் கடிதத்தை நீல மையில் எழுதுவது என்று தீர்மானிக்கப்பட்டுள்ளது. இது அவசரத்தில் எடுத்த தீர்மானமல்ல. கறுப்பு மைக்குச் சார்பாக அதன் கண்ணியமும், துறைமுகக் களஞ்சியத்தில் என் உத்தியோக காலம் முழுவதும் நான் அதையே பாவித்து வந்த வழக்கமும் எடுத்துரைக்கப்பட்டன. நீல மையில் எழுதினால் மூலப் பிரதியைப் போட்டோப் பிரதியிலிருந்து பிரித்தறியலாம் என்று வங்கியின் சட்டத்தரணி ஒருமுறை சொன்னது மறுபக்கத்தில் வைக்கப்பட்டது. இரண்டு பேனைகளையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்து நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, எதிரே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த உன் அம்மா, "எந்தப் பேனையால எழுதினா என்ன, எழுதுறதை எழுதுங்கோ. ஞாயிற்றுக்கிழமை அவள் போயிடுவாள்" என்றார். விவாதம் அத்துடன் முடிவுக்கு வந்தது.

மேல் வீட்டில் நீ பெட்டி கட்டும் சத்தம் எனக்குக் கேட்கிறது. ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு கடிதம் எழுதுவது சிரிப்புக்குரியதுதான். காலையில் படியேறி வந்தேன். பாதிப் படியில் நின்று, கைபிடி ஆடுகிறதா என்று சோதித்துப் பார்த்தேன். ஆடவில்லை. இறங்கிவிட்டேன். நேரில் பேசத் தெரியாத தகப்பன்மார் கைபிடிகளைச் சோதிப்பார்கள் என்பதை உன் மகளும் ஒருநாள் அறிந்துகொள்ளட்டும்.

நடந்ததைச் சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். மேல் தளம் கட்ட நீயும் மருமகன் சுரேனும் வாங்கிய கடனை, வட்டி குறைந்த ஒரு வங்கிக்கு மாற்ற வழி கிடைத்தது. அதற்கு என் கையொப்பம் ஒன்று தேவைப்பட்டது. நான் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் நீ சண்டை பிடித்திருப்பாய், விஷயம் ஒரு கிழமையில் தீர்ந்திருக்கும். நான் ஆட்சேபணைகள் எழுப்பினேன். அந்த ஆட்சேபணைகளுக்கு நடுவே வங்கியின் கடன் அனுமதிக் கடிதம் காலாவதியானது. இப்போது மேல் வீட்டை வாடகைக்கு விட்டு அந்தப் பணத்தில் பழைய கடனைக் கட்டுவதென்றும், நீங்கள் மூவரும் தம்பலகாமத்தில் சுரேனின் தாய் வீட்டில் இருப்பதென்றும் முடிவாகியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். சீதனமாக வீடு பெற்ற பெண் மாமியார் வீட்டுக்குப் போகிறாள் என்றால், அவள் தகப்பனுக்கு என்ன நடந்தது என்றுதான் ஊர் முதலில் கேட்கும். கேட்கிறது. கால் வலி என்று சொல்லி நான் கடற்கரைப் பக்கம் போவதை நிறுத்தியிருக்கிறேன்.

உன் கலியாணத்தின்போது இந்த வீட்டை உனக்குச் சீதனமாக உறுதிப் பத்திரம் எழுதித் தந்தோம். அதில் அம்மாவுக்கும் எனக்கும் சீவிய உரித்து வைத்து எழுதினோம். வீடு உன்னுடையது, நாங்கள் சாகும்வரை அதில் இருப்பதும் அதை அனுபவிப்பதும் எங்களுடையது. இதை நாங்கள் கேட்டு எழுதுவித்ததாகக் கூட நினைவில்லை. கலியாணப் பந்தியில் கேட்காமலே வடை வைப்பதைப்போல, பத்திரம் எழுதுகிற திருகோணமலை நொத்தாரிஸ்மார் சீதன உறுதியில் இந்த வசனத்தைக் கேட்காமலே வைப்பார்கள். நானும் சாப்பிடுகிறவனைப்போலவே அதைக் கவனிக்காமல் இருந்தேன். பழைய நிதிக் கம்பனியும் கவனிக்கவில்லை. எங்கள் இருவரையும் பிணைக்காரராகப் போட்டுக்கொண்டு கடனைக் கொடுத்துவிட்டது. வட்டி அதிகமாக வாங்குகிறவர்கள் கேள்வி குறைவாகக் கேட்பார்கள். புதிய வங்கிதான் கவனித்தது. இன்னொருவரின் சீவிய உரித்து இருக்கிற வீட்டை அவர்கள் ஈடாக ஏற்க மாட்டார்களாம். நாங்கள் இருவரும் அந்த உரித்தை விட்டுக்கொடுத்து ஓர் உறுதி எழுதவேண்டும் என்றார்கள்.

நீ அதைச் சொல்ல வந்த பின்னேரம் நினைவிருக்கிறதா? அம்மா அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்திருந்தார்.

"அப்பா, நீங்களும் அம்மாவும் ஒரு கையெழுத்து வைக்கவேணுமாம். மற்றதெல்லாம் நாங்க பாத்துக்கொள்ளுறம்" என்றாய்.

"எப்ப வைக்கவேணும்? நாளைக்கே போவமே?" என்றார் அம்மா. உரித்தை விடுவதா, ஏன், என்ன நடக்கும் என்று ஒரு சொல் கேட்கவில்லை. இத்தனைக்கும் இது அவருடைய வீடு. அவருக்கு அவருடைய தாய் தகப்பன் கொடுத்த சீதனம். நான் ஒரு சூட்கேசுடன் இதற்குள் வந்தவன்.

சூட்கேசுடன் வந்தவன் சொன்னேன்: "கடுதாசியளைக் கொண்டு வா. வாசிச்சுப் பாத்துத்தான் சொல்லலாம்."

வாசித்தேன். முதலாவதாக, ஆவணங்கள் ஆங்கிலத்தில் இருந்தன என்று ஆட்சேபித்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு தமிழில் தரவேண்டும் என்றேன். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பது உனக்குத் தெரியும். அந்த மொழிபெயர்ப்பில் இருந்த பிழைகளை ஆங்கில மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக் கொடுத்தவனே நான்தான். மொழிபெயர்ப்புக்குச் சுரேன் பணம் கட்டினார்.

இரண்டாவதாக, எனக்கெனத் தனியாக ஒரு சட்டத்தரணி வேண்டும் என்றேன். வங்கிச் சட்டத்தரணி வங்கியின் ஆள், நீ கடனாளி, ஆகவே என் நலனைப் பார்க்க ஒருவர் தேவை. இது முற்றிலும் நியாயமான கோரிக்கை. வங்கிச் சட்டத்தரணியே அதை மெச்சினார். எனவே உனக்கு எதிராக என்னைப் பாதுகாக்க நான் ஒரு சட்டத்தரணியை அமர்த்தினேன், அவருடைய கட்டணத்தை நீ செலுத்தினாய். உலகத்தில் வழக்குகள் ஏன் இத்தனை நீளுகின்றன என்று யோசிக்கிறவர்களுக்கு இந்த ஏற்பாட்டைச் சிபாரிசு செய்கிறேன்.

மூன்றாவதாக, நில அளவைப் படத்தில் வடக்கு எல்லை பழைய வேலியைக் காட்டுகிறது, இப்போது அங்கே மதில் இருக்கிறது என்று கண்டுபிடித்தேன். சங்கிலியும் முக்காலியுமாகச் சேவையர் திரும்பவும் வந்தார். படம் மாறியதால் மதிப்பீட்டாளரும் திரும்பவும் வந்தார். இதற்குள் காணிப் பதிவகத்தில் எடுத்த தேடல் பழையதாகிவிட்டது. இடையில் யாரும் எதுவும் பதியவில்லை என்று காட்ட மறுபடியும் தேடவேண்டும் என்றார் வங்கிச் சட்டத்தரணி. ஒவ்வொரு "திரும்பவும்" என்ற சொல்லுக்கும் ஒரு கட்டணம் இருந்தது.

என் ஆட்சேபணைகள் எல்லாமே சரியானவை, மகள். வெட்கம் அங்கேதான் இருக்கிறது. பொய்யான சாட்டு ஒரு நாளில் வெளுத்துவிடும். சரியான சாட்டுக்கு எல்லோரும் மரியாதை கொடுக்க வேண்டியிருக்கிறது. களஞ்சியத்தில் ஒரு வாளி பெயின்ற் வெளியே போகவும் மூன்று கையொப்பம் கேட்டுப் பழகியவன் நான். கப்பல் காத்து நிற்கும், கப்டன் கத்துவான், நான் படிவத்தின் கடைசிக் கட்டத்தை விரலால் காட்டுவேன். அதை நேர்மை என்று மேலதிகாரிகள் சொன்னார்கள். ஓய்வு பெறும்போது ஒரு சுவர் மணிக்கூடும் தந்தார்கள்.

நீ இனிமேல் எப்போதாவது கடனை மாற்றினாலோ வீடு வாங்கினாலோ உனக்கு உதவட்டும் என்று சில விஷயங்களை எழுதுகிறேன். வங்கி வாசலில் எழுதியிருக்கிற வட்டி வீதம் கலியாண அழைப்பிதழ் மாதிரி. வரச்சொல்லும், செலவைச் சொல்லாது. வங்கியின் சட்டத்தரணிக்கு வங்கி பணம் கொடுக்கும் என்று நினைக்காதே. அவர் வங்கிக்காக வேலை செய்வார், பணம் நீ கொடுப்பாய். முதல் நாளே அவரிடம், "இந்தக் கட்டணத்துக்குள்ள என்னென்ன அடங்குது, என்னென்ன அடங்காது?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கு. புதிய ஈட்டு உறுதிக்கு முத்திரை வரி, அதைப் பதிவதற்குப் பதிவுக் கட்டணம், காணிப் பதிவகத் தேடல், நகரசபையின் சான்றிதழ்கள் எல்லாம் "அடங்காது" என்ற பக்கத்தில்தான் பெரும்பாலும் இருக்கும். பழைய கடனைக் கொடுத்தவர் தன் ஈட்டை விடுவித்து எழுத அவருடைய நொத்தாரிசுக்கும் நீதான் கொடுக்கவேண்டும். காலத்துக்கு முந்திக் கடனை அடைத்தால் அதற்கும் ஒரு தண்டம் இருக்கிறதா என்று பழைய பத்திரத்தில் பார்த்துக்கொள். மேல் தளம் கட்டிய வீடு என்றால், அதற்கு அனுமதி எடுத்துக் கட்டி முடித்த சான்று இருக்கிறதா என்று கட்டாயம் கேட்பார்கள். இல்லாவிட்டால் அதை எடுக்கிற செலவு தனி. இந்தச் செலவுகளையெல்லாம் கூட்டிப் பார்த்த பிறகும் வட்டியில் மிச்சம் இருந்தால் மட்டும் மாற்று. உங்கள் கணக்கில் மிச்சம் இருந்தது. சுரேன் எனக்குக் காட்டினார். சரியான கணக்கு.

எல்லாவற்றுக்கும் முதல் செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. உறுதியில் யாருடைய பெயர் எந்த வடிவத்தில் இருந்தாலும், சேவையருக்கோ மதிப்பீட்டாளருக்கோ ஒரு சதம் கொடுப்பதற்கு முன் அந்தப் பெயருக்குரியவர்களுடைய கையொப்பத்தை வாங்கிவிடு. அவர்கள் நல்லவர்கள், உன்மேல் உயிரையே வைத்திருப்பவர்கள் என்றால் இன்னும் விரைவாக வாங்கு.

ஒரு நாள் நகரசபையில் எனக்கான ஒரு சான்றிதழுக்கு நீ வரிசையில் நிற்க, நான் வெளியே நிழலில் காத்திருந்தேன். எங்கள் ஊர் வீதிகளில் மாடுபோல் அலைகிற மான்களில் ஒன்று பஸ் நிலையப் பக்கமிருந்து வந்து, யாரோ எறிந்துவிட்டுப் போன விண்ணப்பப் படிவம் ஒன்றை முழுவதுமாகத் தின்று முடித்தது. ஒரு விண்ணப்பம் அவ்வளவு விரைவாகக் கையாளப்பட்டதை நான் என் உத்தியோக காலத்தில் கண்டதில்லை. நீ வியர்வையோடு வெளியே வந்தபோது அதைச் சொல்லிச் சிரிக்க நினைத்தேன். உன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

இன்னொன்றையும் திருத்தவேண்டும். கட்டைபறிச்சானில் ஒரு மனிதர் இப்படித்தான் கையொப்பம் வைத்துவிட்டு இப்போது கோயில் மடத்தில் படுக்கிறார் என்று ஹனிபா சொன்னதாக உன்னிடம் சொன்னேன் அல்லவா? அப்படி ஒரு மனிதர் இல்லை. ஹனிபா அப்படிச் சொல்லவும் இல்லை. துறைமுக வாசலில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிற அந்தக் கிண்ணியாக்காரரிடம், என்னை ஆதரிப்பார் என்ற நம்பிக்கையில்தான் போனேன். அவர் பாலைக் காய்ச்சிக்கொண்டே கேட்டார்.

"ஸ்டோர் ஐயா, கையெழுத்தைக் கேக்கிறது பேங்கா, புள்ளயா?"

"பிள்ளைதான். ஆனா பேங்குக்காக."

"அப்ப புள்ளதானே. வெச்சுக் குடுங்க. நான் மூணு பொம்புளப் புள்ளைக்கும் வீட்டை எழுதிக் குடுத்துப்போட்டு இப்ப கடைசி மகள்ட வீட்டு விறாந்தையில படுக்கிறன். நல்ல காத்து."

"நாளைக்கு மருமகன் எழும்பு எண்டு சொன்னா?"

"எழும்பி மத்த மகள்ட வீட்டுக்குப் போவன். உங்களுக்கு ஒண்டே ஒண்டுதான், அதுதான் பயப்பிடுறீங்க" என்று சிரித்தார். "மருமகன் ஆள் எப்பிடி?"

"தங்கமான பொடியன்."

"அப்ப என்னத்துக்கு ஐயா பயம்? நீங்க மருமகனா இருந்த நேரம் எப்பிடி இருந்தீங்க?"

அவர் பகிடிக்குத்தான் கேட்டார். நான் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிவிட்டேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்துதான் கட்டைபறிச்சான் மனிதரை உருவாக்கினேன்.

ஏனென்றால் நான் எப்படி இருந்தேன் என்பது எனக்குத் தெரியும். அம்மாவின் தகப்பனுக்கும் இந்த வீட்டில் சீவிய உரித்து இருந்தது. வீட்டைத் திருத்தக் கடன் எடுக்கவேண்டும் என்று நான் கேட்டபோது அவர் உடனே சேட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு என்னோடு வந்தார். நொத்தாரிஸ் வாசித்துக் காட்டத் தொடங்கியதும், "வாசிக்கத் தேவையில்லை, மருமகன் வாசிச்சிருப்பார்" என்று சொல்லிக் கையொப்பம் வைத்தார். கொஞ்சக் காலத்தில் முன் அறைக்கு ஒரு தொலைக்காட்சி வந்தது. அதற்கு இடம் வேண்டியிருந்ததால் அவருடைய சாய்மனைக் கதிரையைப் பின் விறாந்தைக்கு மாற்றினேன். முன் யன்னலால் பார்த்தால் துறைமுகமும் வந்து போகும் கப்பல்களும் தெரியும். பின் விறாந்தையிலிருந்து அயலவரின் குளியலறைச் சுவர் தெரியும். யாரும் அவரை எழும்பச் சொல்லவில்லை, கதிரையைத்தான் மாற்றினேன். அவர் கடைசிவரை அங்கேயே இருந்தார். என்னோடு நன்றாகத்தான் கதைத்தார். "இண்டைக்கு என்ன கப்பல் வந்திருக்கு, மருமகன்?" என்று தினமும் கேட்பார். தகவலுக்காகக் கேட்கிறார் என்றே நினைத்துக் கப்பலின் பெயரைச் சொல்லுவேன்.

ஆகவே சுரேன் என் கதிரையைப் பார்த்தபோதெல்லாம் எனக்கு வேறு யோசனை வந்தது. அவர் அதன் உடைந்த காலைப் பார்த்திருக்கிறார். திருத்தியும் வைத்தார். படகு இஞ்சின் திருத்துகிறவருடைய கை சும்மா இருக்காது. நான் பயந்தது அவருக்கு அல்ல என்பதை அவரிடம் நேரில் சொல்ல எனக்கு முடியவில்லை. நீ சொல்லிவிடு.

கடைசியில் என் ஆட்சேபணைகள் தீர்ந்துபோயின. வேறொன்றும் கிடைக்கவில்லை. வெள்ளைச் சேட்டுப் போட்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு, உனக்குச் சொல்லாமல் ஆச்சரியப்படுத்தலாம் என்று நானே வங்கிச் சட்டத்தரணியிடம் போனேன். உன் வயதுதான் இருக்கும் அந்தச் சட்டத்தரணிப் பிள்ளை எழும்பி நின்று எங்களுக்குக் கதிரை போட்டது.

"ஐயா, மகள் உங்களிட்டச் சொல்லேல்லையா? பேங்க்ட கடிதம் போன கிழமையோட முடிஞ்சுது."

"புதுசா ஒண்டு எடுக்க ஏலாதே?"

"திரும்ப விண்ணப்பிக்கலாம். ஆனா இந்த முறை பேங்க் விடாது, ஐயா. மருமகன் பழைய கொம்பனிக்குத் தவணை பிந்திட்டார். அது பதிவில விழுந்திட்டு."

"அவர் ஒருநாளும் பிந்துறவர் இல்லையே" என்றார் அம்மா.

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தது. பிறகு மேசையைப் பார்த்தது. சேவையருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் மதிப்பீட்டாளருக்கும் என் சட்டத்தரணிக்கும் கொடுத்தது எந்தப் பணம் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அம்மாவுக்கு முதலே விளங்கியிருக்கவேண்டும். முச்சக்கர வண்டியில் உட்துறைமுக வீதியால் திரும்பினோம். வீட்டு வாசலில் இறங்கி, "உங்களுக்கு விசர் எண்டா எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாம். என்ட வீடு இது" என்றார். இத்தனை வருடத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

நீ ஏசவில்லை. அன்று இரவு சாப்பாட்டின்போது, வங்கி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சீவிய உரித்தை விட்டு இப்போதே எழுதித் தருகிறேன் என்று உன்னிடம் சொன்னேன். நீ பிள்ளைக்கு மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாய்.

"அதுக்கும் நொத்தாரிசுக்குக் காசு குடுக்கவேணும், அப்பா. இப்ப வேண்டாம்" என்றாய். கோபத்தில் சொல்லவில்லை. கணக்குப் பார்த்துச் சொன்னாய். இன்னும் கொஞ்சம் சோறு போடவா என்றும் கேட்டாய்.

மன்னிக்கச் சொல்லி இந்தக் கடிதத்தை எழுதவில்லை. மன்னிப்பு நீ ஏற்கெனவே தந்துவிட்டாய் என்று நினைக்கிறேன், கேட்காமலே சோறு போடுகிறவள் நீ. அது எனக்கு உதவவில்லை. உன் மகளுக்கு நீயும் ஒருநாள் ஏதாவது எழுதிக் கொடுப்பாய். கொடுக்கும்போது நொத்தாரிசைப் பேனையைக் கீழே வைக்கச் சொல்லி, எந்த வசனத்தை யார் கேட்டார்கள் என்று விசாரி. எதையாவது பிடித்து வைக்கத்தான் வேண்டுமென்றால், ஏன் என்று அவளிடம் வாயால் சொல்லு. பயமாக இருக்கிறது என்றால் பயமாக இருக்கிறது என்று சொல்லு. அந்த ஒரு வசனத்துக்கு முத்திரை வரி கிடையாது. நான் அதைச் சொல்லாமல் சேவையரைக் கூப்பிட்டேன்.

தம்பலகாமத்தில் பின்னேரம் ஆனால் யானை வரும் பாதை ஒன்று இருக்கிறது என்று சுரேன் சொல்லியிருக்கிறார். இங்கே உள்ள இஞ்சின் கடையைப் பூட்டிவிட்டு இருட்டுவதற்கு முன் அவர் போய்ச் சேரட்டும். பிள்ளையின் புதிய பாடசாலைக்கு வெள்ளைச் சப்பாத்துத்தான் வேண்டுமாம், அம்மா வாங்கி வைத்திருக்கிறார், பையில் இடம் விடு.

மேல் வீட்டை எடுக்கிற உப்புவெளி விடுதிக்காரரின் ஆள் நேற்று வாடகை ஒப்பந்தத்தோடு வந்தார். சீவிய உரித்து இருக்கிறபடியால், அதில் நீ மட்டும் ஒப்பமிட்டால் செல்லாது, அம்மாவோடு நானும் ஒப்பமிடவேண்டும் என்றார். வாசலில் நின்றபடியே போட்டுக் கொடுத்தேன்.

அப்பா